வாய்க்கால் வழியே நடந்தோம்



உங்கள் ஊரில் ஏரி இருக்கிறதா? குளம் இருக்கிறதா? அதன் கரையில் கடைசியாக எப்போது நடந்தீர்கள்?

"ஏரிக்கரையில் எனக்கு என்ன வேலை?" என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் வகுப்பில் படிக்கும் பெண்களும் முதலில் அப்படித்தான் நினைத்தார்கள். பிறகு ஒரு நாள் எல்லாரும் சேர்ந்து போனோம். அதோடு நிற்கவில்லை. மூன்று முறை போனோம். அங்கே என்ன பார்த்தோம்? என்ன புரிந்துகொண்டோம்? வாருங்கள், படிக்கலாம்.

எங்கள் வகுப்பு

எங்கள் ஊர் புதுச்சேரியில் இருக்கிறது. ஊசுட்டேரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். இரவு 7 மணிக்குக் கோயில் மண்டபத்தில் வகுப்பு நடக்கும். 14 பேர் படிக்கிறார்கள். எல்லாரும் பெண்கள். வயல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள். சிலர் மாடு வளர்க்கிறார்கள். எல்லாருக்கும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும்.

நான் 12-ஆம் வகுப்பு வரை படித்தவள். அவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறேன். ஏரியைப் பற்றி அவர்கள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

வகுப்பில் மூத்தவர் ஓர் ஆயா. 1990-களில் அறிவொளி வகுப்புக்கு வந்தவர். கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார். பிறகு குடும்ப வேலையில் படிப்பு நின்றுவிட்டது. இப்போது பேத்தியின் பழைய நோட்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் வருகிறார்.

இன்னொருவர் ஓர் அக்கா. அதிகம் பேசமாட்டார். இந்தப் பாடம் அவரைப் பற்றியதுதான்.

அக்காவின் மாடு

அக்காவிடம் ஒரு கறவை மாடு இருந்தது. மகளிர் சுயஉதவிக் குழுவில் 35,000 ரூபாய் கடன் வாங்கி வாங்கிய மாடு. காலையில் 5 லிட்டர், மாலையில் 3 லிட்டர் பால் கறக்கும். அந்தப் பணத்தில்தான் வீடு ஓடியது. பையன் பள்ளிக்கூடம் போனான்.

2023-ஆம் ஆண்டு ஆடி மாதம் மாடு தீனி எடுப்பதைக் குறைத்தது. பால் குறைந்தது. வயிறு உப்பிக்கொண்டே போனது. கண் பட்டுவிட்டது என்று சுற்றிப் போட்டார்கள். வெற்றிலையில் மிளகு வைத்துக் கொடுத்தார்கள். கடைசியில் மாட்டு டாக்டரைக் கூப்பிட்டார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது. மாடு இறந்துவிட்டது.

டாக்டர் வயிற்றை அறுத்துப் பார்த்தார். உள்ளே பாலித்தீன் கவர்கள். ஒன்று இரண்டு அல்ல. ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு பெரிய பந்து போல இருந்தன.

இது எப்படி நடந்தது?

மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள் உண்டு. முதல் அறை மிகப் பெரியது. மாடு மேய்ந்த தீனி முதலில் அங்கேதான் போகும். பிறகு மாடு அதை வாய்க்குக் கொண்டுவந்து அசை போடும். பச்சைப் புல், வைக்கோல் எல்லாம் அங்கே ஊறிச் செரிக்கும். ஆனால் பாலித்தீன் செரிக்காது. வெளியேயும் போகாது. அங்கேயே தங்கிவிடும். மேலும் மேலும் சேரும். வயிறு நிறைந்தது போல மாட்டுக்குத் தோன்றும். அதனால் தீனி எடுக்காது. பட்டினியாகவே இளைத்துப்போகும்.

மாடு ஏன் கவரைத் தின்கிறது? கவருக்காகத் தின்பதில்லை. நாம் மீந்த சோற்றையும் காய்கறித் தோலையும் கவரில் போட்டு முடிச்சுப் போட்டு எறிகிறோம். மாட்டுக்கு முடிச்சு அவிழ்க்கத் தெரியாது. கவரோடு சேர்த்து விழுங்குகிறது.

"மாடு போச்சி. தவணை மட்டும் போவல" என்று அக்கா ஒரு நாள் சொன்னார். அதற்குமேல் பேசவில்லை.

முதல் பயணம்: ஏரிக்கரை

2024 ஜனவரி. பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. "இன்று பாடம் ஏரிக்கரையில்" என்று சொன்னேன்.

"தினமும் பாக்கற ஏரிதானே? அங்க இன்னா பாடம்?" என்று ஆயா கேட்டார். ஆனாலும் முதல் ஆளாகக் கிளம்பி நின்றார். எலுமிச்சை சோறு கட்டிக்கொண்டார்.

கரையில் ஓர் அறிவிப்புப் பலகை இருந்தது. எல்லாரும் சுற்றி நின்று எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். ப-ற-வை-க-ள். ச-ர-ணா-ல-ய-ம். "இவ்ளோ நாளா இது இங்க நிக்குது. இன்னிக்குத்தான் பேசுது" என்றார் ஆயா.

தண்ணீரில் கறுப்பாகக் கூட்டம் கூட்டமாக நாமக்கோழிகள் நீந்தின. நெற்றியில் வெள்ளை நாமம் இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். முக்குளிப்பான் தண்ணீரில் மூழ்கி வேறோர் இடத்தில் தலை நீட்டியது. நீர்க்காகம் சிறகை விரித்துக் காய வைத்தது. மஞ்சள் மூக்கு நாரைகள் அசையாமல் நின்றன. மழைக்காலம் தொடங்கும்போது வந்து, வெயில் ஏறும்போது போய்விடும் பறவைகளும் உண்டு. ஊசிவால் வாத்து வடக்கே குளிர்நாடுகளிலிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வருகிறது. நம் ஏரியில் இரை கிடைக்கும் என்று நம்பி வருகிறது.

ஊசுட்டேரியைப் பற்றிச் சில செய்திகள்:

ஊசுட்டேரி, புதுச்சேரிப் பகுதியின் மிகப் பெரிய ஏரி. இரண்டாவது பெரிய ஏரி பாகூர் ஏரி. புதுச்சேரிப் பகுதியில் மொத்தம் 84 ஏரிகள் உண்டு.

ஊசுட்டேரியின் ஒரு பகுதி புதுச்சேரியில் இருக்கிறது. மறு பகுதி தமிழ்நாட்டில் இருக்கிறது. தண்ணீருக்கு எல்லைக்கோடு தெரியாது.

சங்கராபரணி ஆறு செஞ்சிப் பக்கத்து மலைகளில் பிறக்கிறது. அந்த ஆற்றுத் தண்ணீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக ஊசுட்டேரிக்கு வருகிறது. சுற்றியுள்ள நிலங்களின் மழைநீரும் சிறு வாய்க்கால்கள் வழியாக வந்து சேர்கிறது.

2008-ஆம் ஆண்டு புதுச்சேரி அரசு இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது.

ஏரி நமக்கு என்ன செய்கிறது?

மர நிழலில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டோம். அப்போது நான் ஒரு கேள்வி கேட்டேன். "நாம் குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது?"

"குழாயிலேருந்து" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள்.

"குழாய்க்கு?"

"டேங்க்கிலேருந்து."

"டேங்க்குக்கு?"

"போர்லேருந்து."

"போருக்கு?"

யாரும் பேசவில்லை. அக்கா மெதுவாக ஏரியைப் பார்த்துக் கையை நீட்டினார்.

அக்கா காட்டியது சரி. புதுச்சேரி மக்கள் குடிநீருக்குப் பெரிதும் நிலத்தடி நீரையே நம்பி இருக்கிறார்கள். மழைநீர் ஏரியில் தேங்குகிறது. தேங்கிய நீர் மெல்ல மெல்ல மண்ணுக்குள் இறங்குகிறது. அதைத்தான் கிணற்றிலும் போரிலும் எடுக்கிறோம். ஏரி ஒரு சேமிப்புக் கணக்கு போல. மழை போடுகிற பணத்தை நாம் வெயில் காலத்தில் எடுக்கிறோம். போடுவது குறைந்து எடுப்பது கூடினால் என்ன ஆகும்?

ஆயா அதற்குப் பதில் சொன்னார். "என் மகளைக் கடலோரத்துல கட்டிக் குடுத்திருக்கேன். அவ கல்யாணத்தப்போ அந்த வூட்டு போர் தண்ணி இளநி மாதிரி இருக்கும். இப்போ வாயில வைக்க முடியல. உப்பு."

கடலோரத்தில் மண்ணுக்கு அடியில் நல்ல தண்ணீரும் கடல் தண்ணீரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நல்ல தண்ணீர் நிறைய இருக்கும்வரை அது கடல் தண்ணீரைத் தள்ளி நிறுத்தும். நல்ல தண்ணீரை நாம் உறிஞ்சிக்கொண்டே போனால், காலியான இடத்துக்குக் கடல் தண்ணீர் உள்ளே வரும். ஒரு முறை உப்பானால் மறுபடி நல்ல தண்ணீராக மாறப் பல காலம் ஆகும். புதுச்சேரியின் கடலோரப் பகுதிகளில் இது நடந்திருக்கிறது.

ஆயா அன்று ஒரு கதையும் சொன்னார். ஆயி என்று ஒரு பெண் இருந்தாளாம். அவளுடைய மாளிகையில் ஏராளமான விளக்குகள் எரிந்தன. அந்த வழியாக வந்த ராஜா அதைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டார். பிறகு உண்மை தெரிந்து கோபப்பட்டார். மாளிகையை இடிக்கச் சொன்னார். ஆயி தானே இடித்துவிட்டு, அந்த இடத்தில் ஊருக்காகக் குளம் வெட்டினாள். பின்னாளில் பிரெஞ்சுக்காரர் காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டு வந்தார்கள். அப்போது அவள் நினைவாக மண்டபம் கட்டினார்கள் என்று சொல்வார்கள். அதுதான் பாரதி பூங்காவில் இருக்கும் ஆயி மண்டபம். புதுச்சேரி அரசின் சின்னத்தில் இருப்பதும் அந்த மண்டபம்தான்.

"மாளிகை போச்சி, பேரு நின்னுச்சி. தண்ணி குடுத்தவ பேரு நிக்கும்" என்றார் ஆயா.

இரண்டாம் பயணம்: வாய்க்கால்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏரியிலிருந்து எங்கள் தெருவை நோக்கி நடந்தோம். தெருவின் மழைநீர் ஓடுகிற வாய்க்கால் ஏரியில்தான் போய்ச் சேருகிறது. அதன் ஓரமாகவே திரும்பி வந்தோம்.

ஏரிக்குப் பக்கத்தில் வாய்க்காலில் கோரைப்புல் இருந்தது. தவளை சத்தம் கேட்டது. ஊரை நெருங்க நெருங்க நிறம் மாறியது. தண்ணீர் கறுப்பாக இருந்தது. ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தது. சாக்கடை நீரில் இருக்கிற சத்தைச் சாப்பிட்டு அது வேகமாக வளரும். தண்ணீரை மூடிவிடும். அடியில் வெளிச்சமும் காற்றும் போகாது. மீன் செத்துவிடும்.

சிறு பாலத்துக்கு அடியில் குப்பை அடைத்துக்கொண்டு நின்றது. பால் பாக்கெட், ஷாம்பு பாக்கெட், டீ வாங்கிய கவர், மாத்திரை அட்டை, குழந்தைகளின் டயப்பர்.

"யாரு இப்படிக் கொண்டாந்து கொட்றாங்களோ" என்று ஒருவர் திட்டினார். "டவுன்லேருந்து வண்டி வண்டியா கொண்டாந்து போடுவாங்க" என்றார் இன்னொருவர்.

அக்கா ஒரு குச்சியால் குப்பையைக் கிளறினார். சேற்றுக்குள்ளிருந்து ஒரு பழைய பை வந்தது. அதைத் தண்ணீரில் அலசினார். பையில் எழுத்து இருந்தது. நிறம் வெளுத்துப்போயிருந்தது. ஆனால் எழுத்து அழியவில்லை. அக்கா கூட்டிப் படித்தார்.

"ம-ளி-கை. மளிகை. பே-ரு-ந்-து. பேருந்து நி-று-த்-த-ம். எ-தி-ரி-ல்."

நிமிர்ந்து பார்த்தார். "இது நம்ம தெருமுனைக் கடை" என்றார்.

யாரும் பேசவில்லை. அந்தக் கடைக்காரர் அப்படிப் பை அச்சடிப்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. கடையின் பழைய பெயரை எல்லாரும் மறந்தே போனோம். மண்ணில் கிடந்த பை மறக்கவில்லை.

பையின் வாயில் இரட்டை முடிச்சு இருந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"நானும் இப்படித்தான் முடி போடுவேன். சோறு, கொழம்பு எல்லாம் ஒழுகக் கூடாதுன்னு ரெண்டு முடி. மாட்டுக்குக் கவரைப் போட்டது யாரோன்னு இத்தினி நாளா திட்டிக்கிட்டு இருந்தேன்."

அந்தப் பை அக்கா போட்டதா? தெரியாது. எங்கள் தெருவில் 120 வீடுகள் இருக்கின்றன. எந்த வீட்டுப் பையாகவும் இருக்கலாம். என் வீட்டுப் பையாகவும் இருக்கலாம். ஆனால் அது டவுனிலிருந்து வந்ததில்லை. அதை அக்கா படித்துவிட்டார்.

யார் பொறுப்பு?

அன்று இரவு வகுப்பில் பெரிய விவாதம் நடந்தது.

ஆயாதான் முதலில் கேட்டார். "ஏம்மா பாப்பா, ஒரு கவரு போட்டது தப்புன்னு சொல்ற. சரி. கம்பெனிக்காரன் லட்சக்கணக்கா கவரு பண்றானே, அவனுக்கு ஒன்னும் இல்லியா? வாய்க்காலைத் தூர் வாராம வச்சிருக்காங்களே, அவங்களுக்கு ஒன்னும் இல்லியா? ஏழைங்க மேலதான் பழியா?"

நல்ல கேள்வி. உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மறுநாள் படித்துவிட்டு வந்து சொன்னேன்.

நமது அரசியல் சட்டத்தில் 1976-ஆம் ஆண்டு இரண்டு செய்திகள் சேர்க்கப்பட்டன. ஒன்று: காடு, ஏரி, ஆறு, வன உயிர்கள் ஆகியவற்றைப் பாதுகாப்பதும், உயிர்களிடம் இரக்கம் காட்டுவதும் ஒவ்வொரு குடிமகனின் கடமை. இரண்டு: சுற்றுச்சூழலைக் காத்து மேம்படுத்த அரசும் முயல வேண்டும். கடமை இரு பக்கமும் இருக்கிறது.

1991-ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பில் இன்னொன்று சொன்னது. மாசு இல்லாத தண்ணீரும் காற்றும் கிடைப்பது மனிதனின் வாழும் உரிமையில் சேர்ந்தது. அதாவது சுத்தமான தண்ணீர் கேட்பது பிச்சை அல்ல. அது நம் உரிமை.

கம்பெனிக்கும் சட்டம் உண்டு. ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் கப், தட்டு, ஸ்பூன், உறிஞ்சு குழல் போன்றவற்றைச் செய்யவும் விற்கவும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை இருக்கிறது. மெல்லிய கைப்பைகளுக்கும் தடை உண்டு.

"அப்போ ரெண்டு வேலை இருக்கு" என்றார் அக்கா. "நாம போடாம இருக்கணும். அவங்களைக் கேக்கவும் கேக்கணும். நாம போட்டுக்கிட்டே இருந்தா எந்த மூஞ்சியோட கேக்கறது?"

ஆயா கொஞ்ச நேரம் யோசித்தார். "அது சரி" என்றார்.

நாங்கள் என்ன செய்தோம்?

முதலில் வீட்டில் தொடங்கினோம்.

1. குப்பையைப் பிரித்து வைத்தோம். அழுகும் குப்பை ஒரு பக்கம். அழுகாத குப்பை இன்னொரு பக்கம். டயப்பர், நாப்கின் ஆகியவற்றைத் தாளில் சுற்றித் தனியாக வைத்தோம்.

2. மீந்த சோறு, காய்த்தோலைக் கவரில் கட்டுவதில்லை. மாட்டுக்குக் கொடுத்தால் தொட்டியில் போடுகிறோம். இல்லையென்றால் குழியில் போடுகிறோம்.

3. வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டினோம். 3 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி ஆழம். அழுகும் குப்பை ஓர் அடுக்கு. அதன்மேல் காய்ந்த சருகு. அதன்மேல் கொஞ்சம் சாணி, மண். ஈரம் காயாமல் லேசாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும். மழை நேரத்தில் மூடி வைக்க வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் எரு தயார்.

4. கடைக்குத் துணிப்பை. டீ வாங்கத் தூக்கு. இறைச்சி, மீன் வாங்கப் பாத்திரம். சூடான டீயைக் கவரில் வாங்கிக் குடிப்பது உடம்புக்கும் நல்லதல்ல.

5. பிளாஸ்டிக்கை எரிப்பதில்லை. அந்தப் புகையில் நஞ்சு இருக்கிறது. முதலில் அதைச் சுவாசிப்பது பக்கத்தில் விளையாடும் நம் குழந்தைதான்.

எல்லாரும் உடனே ஒத்துக்கொண்டார்களா? இல்லை. "வேலைக்குப் போய்ட்டு வந்து குப்பையைப் பிரிச்சிக்கிட்டு இருக்கணுமா?" என்று சண்டை போட்டவர்களும் உண்டு. டீக்கடை அண்ணன் முதலில் சிரித்தார். அக்கா தினமும் தூக்கோடு போய் நின்றார். தூக்கு கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு கரண்டி டீ அதிகம் என்று அவரே ஒரு நாள் சொன்னார். அதற்குப் பிறகு தெருவில் தூக்குகள் நிறைய நடக்க ஆரம்பித்தன.

அக்கா எழுதிய கடிதம்

2024 பிப்ரவரியில் வகுப்பே சேர்ந்து ஒரு கடிதம் எழுதியது. வார்த்தைகளை எல்லாரும் சொன்னார்கள். எழுதியவர் அக்கா. நான்கு முறை திருத்தி எழுதினார். அந்தக் கடிதம் இதுதான்:

அனுப்புநர்:
இரவு வகுப்பு மாணவிகள்.

பெறுநர்:
ஆணையர் அவர்கள், கொம்யூன் பஞ்சாயத்து.

பொருள்: வாய்க்காலைச் சுத்தம் செய்யக் கோருவது பற்றி.

ஐயா, வணக்கம்.

எங்கள் தெரு மழைநீர் வாய்க்கால் ஏரிக்குப் போகிறது. சிறு பாலத்தின் அடியில் குப்பை அடைத்துள்ளது. தண்ணீர் ஏரிக்குப் போகாமல் தெருவில் நிற்கிறது. கொசு அதிகம். கவர் தின்று மாடு இறந்தது.

நாங்கள் வீட்டுக் குப்பையைப் பிரித்து வைக்கிறோம். வாய்க்காலில் கொட்டுவது இல்லை என்று முடிவு செய்துள்ளோம். பிரித்த குப்பையை எடுக்க வாரம் இருமுறை வண்டி வர வேண்டும். மழைக்கு முன் வாய்க்காலைத் தூர் வார வேண்டும். தயவுசெய்து ஆவன செய்யவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாணவிகள் 14 பேர்.

கடிதத்தின் அடியில் 14 கையெழுத்துகள் இருந்தன. கைநாட்டு ஒன்றுகூட இல்லை.

கடிதத்தின் நகல் ஒன்றை வைத்துக்கொண்டோம். கொடுத்ததற்கு முத்திரை போட்டு வாங்கிக்கொண்டோம். மனு கொடுக்கும்போது இதை மறக்கக் கூடாது. இரண்டு முறை நேரில் போய்க் கேட்டோம். வண்டி வரத் தொடங்கியது. ஐப்பசி மழைக்கு முன் பாலத்தின் அடியில் தூர் வாரினார்கள்.

மூன்றாம் பயணம்: மறுபடியும் ஏரிக்கு

2025 ஜனவரியில் மறுபடியும் அதே கரைக்குப் போனோம். பறவைகள் வந்திருந்தன. அக்கா அவற்றின் பெயர்களைத் தன் பையனுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சாக்கடை நீர் இன்னும் வாய்க்காலில்தான் கலக்கிறது. அதற்கு அடுத்த மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். சில வீடுகள் இன்னும் இருட்டிய பிறகு கவரை எறிகின்றன. ஆனால் பாலத்தின் அடியில் தண்ணீர் ஓடுகிறது.

கரையில் உட்கார்ந்து எல்லாரும் நோட்டில் எழுதினார்கள். அக்கா எழுதியதை அவர் அனுமதியோடு இங்கே தருகிறேன்:

"என் மாடு போன பிறகு எனக்குக் கோபம் இருந்தது. யார் மேல் கோபம் என்று தெரியவில்லை. வாய்க்காலில் பையைப் படித்தேன். கோபம் என் மேல் வந்தது. அழுதேன். பிறகு நினைத்தேன். அழுதால் வாய்க்கால் சுத்தம் ஆகாது.

நான் எறிந்தது தூரம் போய்விட்டது என்று நினைத்தேன். தூரம் என்று ஓர் இடம் இல்லை. அது வாய்க்கால். பிறகு ஏரி. பிறகு என் குடம்.

இந்த ஏரியை நான் வெட்டவில்லை. யாரோ வெட்டி எனக்குக் கொடுத்தார்கள். அவர்களுக்குப் படிக்கத் தெரியுமோ தெரியாதோ. எனக்காக வெட்டினார்கள். நான் என் பேரனுக்கு என்ன கொடுப்பேன்?

கடன் இன்னும் ஆறு தவணை இருக்கிறது. கடன் முடிந்ததும் கன்று வாங்குவேன்."

நண்பர்களே, இந்தப் பாடத்தைப் படித்து முடித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிடாதீர்கள். உங்கள் தெரு வாய்க்கால் எங்கே போகிறது? அதன் ஓரமாகவே ஒரு நாள் நடந்து பாருங்கள். தனியாகப் போகாதீர்கள். வகுப்போடு போங்கள். குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். வழியில் கிடக்கிற எழுத்துகளைப் படித்துப் பாருங்கள்.

பதில் சொல்லுங்கள்

1. அக்காவின் மாடு ஏன் தீனி எடுக்கவில்லை?
2. ஊசுட்டேரிக்குத் தண்ணீர் எந்த ஆற்றிலிருந்து வருகிறது?
3. கடலோரப் போரில் தண்ணீர் ஏன் உப்பாகிறது?
4. வாய்க்காலில் கிடந்த பை எந்த ஊருடையது? அது எப்படித் தெரிந்தது?

சிந்திப்போம்

1. "ஏழைகள் மேல்தான் பழியா?" என்று ஆயா கேட்டார். நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?
2. "தூரம் என்று ஓர் இடம் இல்லை" என்று அக்கா எழுதினார். இதற்கு என்ன பொருள்?

கணக்குப் போடுவோம்

ஒரு வீட்டில் ஒரு நாளைக்கு 3 கவர் எறிகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தெருவில் 120 வீடுகள்.
ஒரு நாளைக்கு: 120 × 3 = 360 கவர்.
30 நாளைக்கு: 360 × 30 = 10,800 கவர்.
உங்கள் தெருவுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

செய்து பார்ப்போம்

1. பாலித்தீன் துண்டு ஒன்று, வாழையிலைத் துண்டு ஒன்று. இரண்டையும் மண்ணில் புதையுங்கள். அடையாளக் குச்சி நடுங்கள். மூன்று மாதம் கழித்துத் தோண்டிப் பாருங்கள். பார்த்ததை நோட்டில் எழுதுங்கள்.
2. உங்கள் ஊர் ஏரி அல்லது குளத்தைப் பற்றி வயதானவர் ஒருவரிடம் கேளுங்கள். அவர் சொன்னதை ஐந்து வாக்கியத்தில் எழுதுங்கள்.
3. உங்கள் ஊர்த் தேவை ஒன்றைப் பற்றி மனு எழுதுங்கள். எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய சொற்கள்

சரணாலயம் – பறவை, விலங்குகளுக்கு அடைக்கலம் தரும் இடம்
நிலத்தடி நீர் – மண்ணுக்கு அடியில் இருக்கும் தண்ணீர்
தூர் வாருதல் – அடியில் சேர்ந்த சேற்றையும் குப்பையையும் அள்ளுதல்
மாசு – அழுக்கு, கேடு
நகல் – ஒன்றைப் போலவே எடுத்த இன்னொரு பிரதி